பப்பாசி போட்ட இறைச்சி

றம்லத் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் கறி நன்றாக இருக்கிறது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்லும்போது, அதைச் சமைத்தவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? உங்களால் முடியுமா?

ஞாயிற்றுக்கிழமைப் பகல். கட்டுகஸ்தோட்டையில் மெயின் ரோட்டிலிருந்து நாற்பது படி ஏறி வரவேண்டிய வீடு அது. றம்லத், அவளுடைய தம்பி அஸ்ஃபர், அஸ்ஃபரின் மனைவி நஸ்லியா, இந்த மூன்று பேரும்தான் மேசையில் இருந்தார்கள். அஸ்ஃபருக்குக் கண்டி டவுனில் சப்பாத்துக் கடை. றம்லத் டவுனிலே ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். புருஷன் மௌத்தாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை, தம்பி வீடுதான் அவள் வீடு, அங்கே இருவருக்கும் அவள் ராத்தா, மூத்த அக்கா. கம்பளையிலிருந்து கலியாணம் முடித்து வந்த நஸ்லியாவுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

நாலு மாதமாகச் சோற்று ஆவி பட்டாலே குமட்டி ஓடியவள், அன்றைக்குத்தான் இரண்டாம் தரம் தட்டை நீட்டினாள். றம்லத்துக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. இறைச்சித் துண்டுகளைத் தேடித் தேடிப் போட்டாள்.

"ராத்தா, இறைச்சி எப்பிடி இவ்வளவு மெதுவா ஈக்குது? வாயில வெச்சதும் கரையுது. என்ன போட்டீங்க?"

"அதக் கேளு! உன்ட மாப்பிள்ள வாங்கிட்டு வந்தது கிழட்டு மாடு. நாளைக்கு அவிச்சாலும் வேகாது. நான் உடுவனா? ஒரு துண்டு பச்சப் பப்பாசிய அரைச்சுப் பூசி ஒரு மணித்தியாலம் ஊற வெச்சன். பொறகு என்ன, கிழட்டு மாடும் கண்டுக்குட்டிதான்."

நஸ்லியாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அஸ்ஃபர் தலையைத் தூக்கி ராத்தாவைப் பார்த்தான். அப்போதுதான் றம்லத்துக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குள் பப்பாசி வரக்கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். போன மாதம் பக்கத்து வீட்டார் நல்ல பழுத்த பப்பாசி ஒன்றைக் கொடுத்தனுப்பியபோது, கேற்றுக்கு வெளியிலேயே நின்று திருப்பி அனுப்பினாள். அன்னாசியும் அப்படித்தான், எள்ளுருண்டையும் அப்படித்தான். அப்படிப்பட்டவள் எப்படிப் போட்டாள் என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பழமாகத் தின்கிற பப்பாசி ஒன்று, இறைச்சிக்குப் பூசுகிற பப்பாசி வேறொன்று என்று அவள் கை பழகியிருந்தது. உம்மாவின் கையிலிருந்து அவள் கைக்கு வந்த பழக்கம். அந்தப் பச்சைத் துண்டு அவளுக்கு இஞ்சி, உள்ளி, மஞ்சள் வரிசையில் சேர்ந்தது. பின்வளவு மரத்துக் காயைக் கை தன்பாட்டில் வெட்டிப் போட்டுவிட்டது, புத்தி கூடப் போகவில்லை.

நஸ்லியா எழுந்து ஓடினாள். குழாயடியில் தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. றம்லத் பின்னால் போய் முதுகைத் தடவப் போனாள். நஸ்லியா தோளை ஒதுக்கிக்கொண்டாள். அந்த ஒதுக்கல் ஒரு அறையைவிட வலித்தது.

இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று இரண்டாம் மாதத்திலேயே போனது. மற்றது மூன்று வருடத்துக்கு முன்னால், நாலு மாதம் நிறைந்த பிறகு. அந்த இரண்டாவதைப் பற்றி நஸ்லியா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. யாராவது ஆறுதலுக்கு, அல்லாஹ்ட நாட்டம் மகள் என்று ஆரம்பித்தால், எழுந்து போய்க் கழுவிய கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள். ஆகவே இந்த மூன்றாவதுக்காக அந்த வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. றம்லத் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்ட துஆ இது ஒன்றுதான். தனக்கென்று அவள் அல்லாஹ்விடம் எதுவும் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

அன்று பின்னேரமே டாக்டரிடம் ஓடினார்கள். ஸ்கான் பார்த்தார், இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். நன்றாக வெந்த கறிதானே, பயப்பட ஒன்றும் இல்லை, பிள்ளை சுகமாக இருக்கிறது என்றார். அஸ்ஃபர் அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது முச்சக்கரவண்டியில் நஸ்லியா மெதுவாகச் சொன்னாள்.

"போன முறையும் முதல் நாள் எல்லாம் சரி எண்டுதான் சொன்னாங்க."

அதன் பிறகு அவள் அந்த வீட்டு அடுப்பில் வெந்த எதையும் தொடவில்லை. கடையில் வாங்கின பிஸ்கட், அதுவும் தானே பிரித்த பக்கற். இளநீர், அதுவும் கண் முன்னால் வெட்டினது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து வயிற்றில் ஒரு கையை வைத்தபடி கிடந்தாள். பிள்ளை கரைந்துகொண்டிருக்கிறது என்று காத்திருப்பவள் போலக் கிடந்தாள். இறைச்சி கரைந்த விதத்தைத்தான் அவளே வாயால் சொல்லியிருந்தாளே! றம்லத் கஞ்சி வைத்துக் கொண்டுபோனாள், திரும்பி வந்தது. முட்டை அவித்துக் கோதோடேயே கொண்டுபோனாள், அதுவும் திரும்பி வந்தது.

இரவாவதற்குள் கம்பளைக்குச் செய்தி போய்விட்டது. நஸ்லியாவின் உம்மாவுக்கு ஃபோன் ஒன்றும் தேவையில்லை, கம்பளையில் நின்று கத்தினாலே கட்டுகஸ்தோட்டையில் கேட்கும். ஸ்பீக்கர் போடாமலே கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டது.

"புதன்கிழம காலையில வேன் எடுத்துட்டு வாரன். உடுப்பக் கட்டி வை. பெத்தெடுக்கும் மட்டும் நீ இங்கதான். அதுக்கெடையில அந்த ஊட்டுல ஒரு வாய் தண்ணியும் குடிக்க வேணா, சொல்லிட்டன்!"

றம்லத் கதவடியில் கஞ்சிக் கோப்பையோடு நின்றாள். தண்ணீர்கூடவா? அவ்வளவு பெரிய பாவியா நான்?

"ராத்தா, நீங்க வேணுமெண்டா செஞ்சீங்க?" என்றான் அஸ்ஃபர், கோப்பையை வாங்கி வைத்துவிட்டு. "அவளுக்கும் அது தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டா தின்றாளில்ல? நாலு மாசம் வாந்தி எடுத்த புள்ள. மூணு நாள் வெறும் வயித்தோட கிடந்தா என்னாகும்? பப்பாசியால ஒண்டும் ஆகாட்டியும் பட்டினியால ஆகிடுமே!"

அவனும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் உயர்தர வகுப்புக்கு நொதியப் பரிசோதனை. பதினெட்டு வருடமாக வருடா வருடம் றம்லத் ஆயத்தப்படுத்துகிற பரிசோதனை அது. ஒரு முகவையில் பனிக்கட்டி, ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் உடம்புச் சூட்டளவு வெந்நீர், ஒன்று அடுப்பில் கொதித்தபடி. ஒவ்வொன்றிலும் மாப்பசையும் நொதியமும் கலந்த சோதனைக்குழாய்கள். கடைசியில் அயடீன் ஒரு துளி. மா செரித்துப் போயிருந்தால் நீலம் வராது, செரிக்காவிட்டால் கருநீலம். றம்லத் இதைத் தேநீர் ஊற்றுவது மாதிரிச் செய்வாள், ஏன் என்று கேட்டதில்லை. கேட்பது பிள்ளைகளின் வேலை, கழுவுவது தன் வேலை என்று இருந்துவிட்டாள்.

அன்றைக்கு வகுப்பு போன பிறகு குழாய்களைக் கழுவ எடுத்தாள். உடம்புச் சூட்டில் இருந்தது தெளிவாக இருந்தது. பனிக்கட்டியில் இருந்ததுகூடக் கொஞ்சம் வெளிறியிருந்தது, கொதித்தது மட்டும் கருநீலமாகவே நின்றது. அதைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"மிஸ், இந்தக் கொதிச்சதுல மட்டும் ஏன் ஒண்டும் நடக்கல்ல?"

உயிரியல் ஆசிரியை பிரேமிளா கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். றம்லத்தை விடப் பதினைந்து வயது இளையவள், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள்.

"என்னங்கக்கா, பதினெட்டு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க! நொதியம்ங்கிறது ஒரு புரதம். குளிர்ல சோம்பிப் போய்க் கிடக்கும். வெதுவெதுப்புல ஓடியாடி வேலை செய்யும். சூடு ஏறிக் கொதிக்க ஆரம்பிச்சா அதோட உரு குலைஞ்சு போயிடும். அதுக்கப்புறம் ஆற வச்சாலும் திரும்பாது. அவிச்ச முட்டை ஆறினா பச்சை முட்டை ஆகுமா? அது மாதிரிதான்."

"பப்பாசிப் பாலுல ஈக்கிறதும் இதுதானா?"

"அதே இனம்தான். இறைச்சியில இருக்கிற புரதத்தை வெட்டி வெட்டிப் போடுற நொதியம். கொஞ்சம் முரடு, அறுபது எழுபது பாகை வரைக்கும்கூட வேலை செய்யும். ஆனா நல்லா கொதிச்சா அதுக்கும் அதே கதிதான். ஏன் கேக்கிறீங்க?"

றம்லத் சோதனைக்குழாயைத் தாங்கியில் வைத்தாள். வைத்ததும்தான் தாமதம், அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பதினெட்டு வருடத்தில் அந்த ஆய்வுகூடத்தில் ஒரு குழாயைக்கூட உடைக்காதவள், அன்றைக்குத் தான் உடைந்துபோய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். கறி, குழாயடி, பிஸ்கட், கம்பளை வேன் வரைக்கும் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் வெந்துச்சு கறி?"

"கொதிச்ச பொறகு ஒரு மணித்தியாலம். கூடவும் ஈக்கும்."

"அப்புறம் என்னக்கா? பச்சையா திங்காதீங்கன்னு டாக்டர்மாரு சொல்றது சரி. அந்தக் கறியில வேலை செய்யிற நொதியம் ஒரு சொட்டு இருந்திருக்காது."

"எனக்கு விளங்குது மிஸ். அவளுக்கு யார் விளங்கப்படுத்துற? டாக்டர் சொல்லியே நம்பல்ல."

பிரேமிளா பேனையை மூடிவிட்டு யோசித்தாள்.

"வீட்டுல ஜெலி செய்யுங்க. ஒரு கிண்ணத்துல பச்சைப் பப்பாசித் துண்டு போடுங்க, இன்னொண்ணுல வேக வச்ச துண்டு போடுங்க. பச்சை போட்டது உறையாது, தண்ணியாவே கிடக்கும். வெந்தது போட்டது ஜம்முன்னு உறைஞ்சிடும். அவங்க கண்ணால பாக்கட்டும். கண்ணால கண்டதை யாரும் மறுக்க மாட்டாங்க."

இதைக் கேட்டுக்கொண்டு றம்லத் வீட்டுக்குப் பறந்தாள். பறந்து போய் என்ன செய்தாள் தெரியுமா? அந்த வீட்டுக்குள் வாப்பா காலத்திலிருந்தே கடை ஜெலிப் பக்கற் வந்தது கிடையாது. எதில் எடுத்ததோ, பன்றியில் எடுத்ததோ, நமக்கு என்னத்துக்கு அந்தச் சந்தேகம் என்று வாப்பா ஒரு தரம் சொன்னார், அதோடு முடிந்தது. நோன்பு திறக்க, பெருநாளைக்கு, பிறந்தநாளைக்கு, எல்லாவற்றுக்கும் கடல்பாசிதான். காய்ச்சி, பால் விட்டு, ரோஸ் நிறம் கொடுத்து, தட்டில் ஊற்றி ஆறவைத்து வெட்டுவார்கள். றம்லத்தைப் பொறுத்தமட்டில் ஜெலி என்றால் கடல்பாசி, கடல்பாசி என்றால் ஜெலி. ஆகவே கடல்பாசியைக் காய்ச்சினாள்.

நஸ்லியாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து கதிரை போட்டு உட்கார்த்தினாள். முட்டை உதாரணம் எல்லாம் சொல்லி விளக்கினாள். பச்சை போட்ட கிண்ணம் தண்ணியாகவே கிடக்கும், வெந்தது போட்டது உறையும், பார் என்றாள். நஸ்லியாவின் முகத்தில் இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு சின்ன ஆசை எட்டிப்பார்த்தது. மூன்று பேரும் அரை மணித்தியாலம் அந்த இரண்டு கிண்ணத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வெந்த பப்பாசி போட்டது உறைந்தது. பச்சைப் பப்பாசி போட்டதும் உறைந்தது. இரண்டும் ஒரே மாதிரி, கரண்டியால் தட்டினால் ஒரே மாதிரி ஆடின.

"இது, இது கொஞ்சம் நேரம்…" என்று றம்லத் தடுமாறினாள்.

"ரெண்டும் ஒண்டுதான் ராத்தா," என்றாள் நஸ்லியா. குரலில் கோபம்கூட இல்லை. "பச்சைக்கும் வெந்ததுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல எண்டு நல்லாக் காட்டிட்டீங்க."

எழுந்து அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள். உடுப்பு மடிக்கிற சத்தம் கேட்டது. அஸ்ஃபர் ராத்தாவைப் பார்த்த பார்வையில், ஏன் சும்மா இருந்ததையும் கெடுத்தீர்கள் என்ற கேள்வி இருந்தது. அவன் கேட்கவில்லை, நல்லவன். றம்லத் இரண்டு கிண்ணத்தையும் கொண்டுபோய்க் கொட்டினாள். யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதைத்தான் அவளும் செய்து முடித்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தபோது அவள் முகம் நெருப்பாக இருந்தது.

"உங்கட நொதியமும் மண்ணாங்கட்டியும்! ரெண்டும் கல்லு மாதிரி உறைஞ்சிட்டு மிஸ். இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போச்சு. நாளைக்குப் போறா அவ."

பிரேமிளா திகைத்துப்போனாள். "உறையாதேக்கா… எதுல செஞ்சீங்க?"

"எதுல செய்ற? கடல்பாசியிலதான்."

பிரேமிளா நெற்றியில் கையை வைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. றம்லத்தின் கண்ணைப் பார்த்ததும் அதை அவசரமாக விழுங்கிக்கொண்டாள்.

"ஐயோ அக்கா! தப்பு என்னோடது, நான் சொல்லியிருக்கணும். கடல்பாசி கடல்ல முளைக்கிறது. அதுல வெட்டுறதுக்குப் புரதமே இல்ல. பப்பாசி இறைச்சியை வெட்டும், பாசியை என்ன செய்யும்? கடை ஜெலியில இருக்கிறது ஜெலட்டின். அது மாட்டோட தோல்லயும் எலும்புலயும் எடுக்கிறது. அதைத்தான் வெட்டும்."

"மாட்டுல மட்டுமா எடுக்கிற?"

"மத்ததுலயும் எடுப்பாங்க. டவுன்ல ஹலால் முத்திரை போட்ட மாட்டு ஜெலட்டின் கிடைக்கும், பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, கொதிக்கக் கொதிக்க ஊத்திடாதீங்க. ஊத்தினீங்கன்னா பச்சைப் பப்பாசியும் அந்தச் சூட்டுலயே வெந்துபோயிடும், அதுவும் உறைஞ்சிடும், மறுபடி நாளைக்கு என்னை அடிக்க வருவீங்க. கை பொறுக்கிற அளவுக்கு ஆற விட்டு ஊத்துங்க."

பாடசாலை விட்டதும் றம்லத் டவுனில் ஏறி இறங்கினாள். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் இருந்தது, முத்திரை இல்லை. மூன்றாவது கடைக்காரர் பின்னால் போய்த் தேடி எடுத்து வந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் வாங்கினாள். பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

அறைக்குள் போனபோது நஸ்லியாவின் பை கட்டி முடிந்து கட்டில் காலடியில் இருந்தது. உதடு காய்ந்திருந்தது. ஜெலட்டின் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, கடல்பாசி விஷயத்தை மறைக்காமல் சொன்னாள் றம்லத். தான் அறிவில்லாமல் செய்ததையும், டீச்சர் சிரிப்பை விழுங்கியதையும் சேர்த்தே சொன்னாள்.

"நான் செய்யல்ல இந்த முறை. அடுப்படிப் பக்கமே வரல்ல. நீயே செய். கறி எவ்வளவு நேரம் வெந்திச்சோ அவ்வளவு நேரம் நீயே வேக வை, உன்ட கையால ஊத்து, உன்ட கண்ணால பாரு. உறையாட்டி நாளைக்குப் போ புள்ள. நான் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டன். பையையும் நானே தூக்கிட்டு வந்து வேன்ல ஏத்துறன்."

நஸ்லியா பெட்டியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாள்.

"ராத்தா, இப்பிடி வெட்டுறதெல்லாம் கொதிச்சா செத்திடுமா? பப்பாசி மட்டுமா?"

"எல்லாம்தான் எண்டு மிஸ் சொன்னா."

"எல்லாமா?"

"ஓ புள்ள, எல்லாம்தான். ஏன்?"

நஸ்லியா பெட்டியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். ஃபோனை எடுத்து அஸ்ஃபரைக் கூப்பிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள். றம்லத் கேட்கப் போகவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முன்னறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐயோ, சொந்த அடுப்படிக்குள் போகாமல் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பது என்றால் சும்மாவா! பானை சத்தம் கேட்டது, தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. அஸ்ஃபர் கடையை நேரத்தோடு மூடிவிட்டு, பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்றோடு வந்து நேரே உள்ளே போனான். வெளியே வந்தவனிடம் என்னடா என்று கண்ணால் கேட்டாள். எதுக்கெண்டு எனக்கும் தெரியாது என்று அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற உட்டு ஊத்து!" என்று இருந்த இடத்திலிருந்தே ஒரு தரம் கத்தினாள். அது மட்டும் அவளால் அடக்க முடியவில்லை.

"தெரியும் ராத்தா," என்று உள்ளிருந்து பதில் வந்தது. மூன்று நாளில் அவள் குரல் பழையபடி வந்த முதல் பதில் அது. அதற்கே றம்லத் அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

புதன்கிழமை, சுபஹு தொழுது முடிந்து வெளிச்சம் வருகிற நேரம். ராத்தா என்று அடுப்படியிலிருந்து நஸ்லியா கூப்பிட்டாள். றம்லத் தொழுத முக்காட்டோடேயே ஓடினாள். நஸ்லியா ஃபிரிட்ஜிலிருந்து கிண்ணங்களை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாவது பச்சைப் பப்பாசி. நஸ்லியா அதைச் சரித்தாள், விளிம்பால் வழிந்து தட்டில் ஓடியது. இராத்திரி முழுக்க ஃபிரிட்ஜுக்குள் இருந்தும் வெறும் தண்ணீர். இரண்டாவது வெந்த பப்பாசி. சரித்தாள், அசையவில்லை. குப்புறக் கவிழ்த்தாள், அசையவில்லை.

றம்லத் மேசை விளிம்பில் தட்டினாள். "பார்த்தியா? பார்த்தியா புள்ள? வெந்தது ஒண்டும் செய்யல்ல! கறியும் ஒரு மணித்தியாலம் வெந்ததுதானே…"

ஆனால் நஸ்லியா அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அவள் கை மூன்றாவது ஒரு கிண்ணத்தின் மேல் இருந்தது. அதை றம்லத் எதிர்பார்க்கவில்லை. உள்ளே மஞ்சள் துண்டுகள் தெரிந்தன.

"இது என்ன?"

"அன்னாசி."

"அல்லாஹ்வே! அன்னாசியா? இந்த ஊட்டுக்குள்ளயா?"

"வெந்த அன்னாசி ராத்தா. கால் மணித்தியாலம் கொதிக்க வெச்சன். அண்டைக்கு அவங்க கறி வெச்ச மாதிரியே."

"எண்டைக்கு? எவங்க?"

நஸ்லியா கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "தெல்தோட்டையில, எங்கட பெரியம்மாட மகள்ட கலியாணத்துல. மூணு வருஷம். அன்னாசிக் கறி வெச்சிருந்தாங்க. தின்னக்கூடாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா வாய் கேட்டிச்சு ராத்தா, அப்பிடி ஒரு ஆசை. ஒருத்தரும் பார்க்காத நேரம் ரெண்டு கரண்டி போட்டுத் தின்டன். ஒம்பதாம் நாள் புள்ள போச்சு."

றம்லத் மேசையைச் சுற்றி அவள் பக்கமாக வந்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. உம்மாவுக்கும் சொல்லல்ல, இவருக்கும் சொல்லல்ல. அல்லாஹ்ட நாட்டம் எண்டு நீங்கெல்லாம் சொல்லக்குள்ள, இல்ல, நான்தான், என்ட வாய்தான் கொன்டது எண்டு மனசுக்குள்ள சொல்லிட்டே இருந்தன். மூணு வருஷமா நான் தின்ற ஒவ்வொரு வாயும் எனக்கு அதைத்தான் சொல்லும். நீங்க பப்பாசி போட்டன் எண்டதும் எனக்கு உங்க மேல கோவம் இல்ல ராத்தா. திரும்பவும் நான் தின்டுட்டனே எண்டுதான்…"

கிண்ணத்தை றம்லத் பக்கம் தள்ளினாள். "நான் இதைத் திருப்பிப் பார்க்க மாட்டன். எனக்குப் பயம். நீங்க திருப்புங்க."

பிஸ்மி சொல்லி, றம்லத் மூன்றாவது கிண்ணத்தை எடுத்தாள். ஒரு தட்டின் மேல் கவிழ்த்தாள். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கிண்ணத்தின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். ஜெலி முழுசாக இறங்கித் தட்டில் உட்கார்ந்தது. மெதுவாக ஆடி, பிறகு நின்றது. மஞ்சள் துண்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

"உறைஞ்சிட்டு," என்றாள் றம்லத்.

"உறைஞ்சிட்டா?"

"கண்ணத் திறந்து பாரு மகள். வெந்த அன்னாசி ஒண்டும் செய்யல்ல. ஒரு பாவமும் செய்யல்ல."

நஸ்லியா பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு பக்கமும் தொட்டாள்.

"அப்ப நான் இல்லையா ராத்தா? மெய்யாவே நான் இல்லையா?"

"நீ இல்ல. ஒருநாளும் நீ இல்ல மகள்."

அப்போது அழுதாளே ஒரு அழுகை! மூன்று வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவள் சத்தம் போட்டு அழுது கேட்டதில்லை. றம்லத் இரண்டு கையாலும் அவளை அள்ளிக் கட்டிக்கொண்டாள், இந்தத் தடவை தோள் ஒதுங்கவில்லை. அஸ்ஃபர் தூக்கத்திலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தான். என்ன, என்ன, புள்ளைக்கு என்ன என்று வெளுத்துப்போய் நின்றான்.

"புள்ளைக்கு ஒண்டும் இல்லடா. அழட்டும் உடு," என்றாள் றம்லத், தானும் அழுதுகொண்டு. "இது மூணு வருஷத்துக்கு முந்தி அழ வேண்டிய அழுகை. அவளே உனக்குச் சொல்லுவா."

எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியாது. அழுகை விம்மலாகி, விம்மல் விக்கலாகி நிற்கப் போகிற நேரம் ஃபோன் அடித்தது. கம்பளை. அஸ்ஃபர் எடுத்து நீட்டினான். மறுபக்கம் வேன் சத்தத்தோடு உம்மாவின் குரல், வழக்கம்போல அடுப்படி முழுக்கக் கேட்டது.

"நஸ்லியா! வெளிக்கிட்டுட்டன். பை எல்லாம் கட்டிட்டியா?"

நஸ்லியா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். மற்றக் கை இன்னும் றம்லத்தின் கையைப் பிடித்தபடியே இருந்தது.

"நான் வரல்ல உம்மா. நீங்க வாங்க, பகல் சோத்துக்கு நிண்டுட்டுப் போங்க," என்றாள். "ராத்தாதான் சமைக்கிறா. எனக்குச் சரியான பசி."